உண்ணாமை

தை தொடங்கிப் பங்குனி முடிய, புதுச்சேரிக்குத் தெற்கே, சுண்ணாம்பாறு கடலில் விழும் இடத்தைத் தாண்டிய மணற்கரைகளில் இரவு நேரத்தில் கடலாமைகள் கரையேறும். மீனவர்கள் வாயில் அதற்குப் பெயர் பங்குனி ஆமை. பின்கால்களால் குடம்போல ஒரு குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டை இட்டு, மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பாலேயே தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுத் தாய் கடலுக்குத் திரும்பிவிடும். அதோடு சரி. குஞ்சு பொரிந்ததா, நாய் தோண்டியதா என்று பார்க்க அது மறுபடி வருவதில்லை.

நாயும் மனிதனும் தோண்டுவதற்கு முன்னால் வனத்துறையினரும் தன்னார்வலர்களும் முட்டைகளை எடுத்து, வேலி கட்டிய பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் மணல் கொதிப்பதுபோல அசைந்து, குஞ்சுகள் கொத்தாக மேலே வரும். கூடையில் அள்ளிப்போய் ஈரமணலில் விடுவார்கள். வேடிக்கை பார்க்க வந்த குழந்தைக்கு அப்போது ஒரு கேள்வி தோன்றாமல் இருக்காது: இது இன்னும் எதுவுமே சாப்பிடலையே, வழியில பசிக்காதா?

பசிக்காது. முட்டையில் இருந்த மஞ்சள் கருவின் மிச்சம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. அலையைத் தாண்டி ஆழ்கடல் சேரும்வரை சில நாளைக்கு அந்தக் கட்டுச்சோறு போதும். ஆகவே கடலாமைக் குஞ்சுக்குச் சோறூட்டும் கவலை கரையில் நிற்கும் யாருக்கும் கிடையாது. கூடையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும்.

கவலை தொடங்குவது, ஆமைக்குஞ்சு ஒன்று மனிதன் கையில் தங்கிவிடும்போதுதான். அதிலும் பெட்டி ஆமைக் குஞ்சு என்றால் கவலை இரட்டிப்பு. அடியோட்டில் கீல் வைத்த ஆமை அது. ஆபத்து வந்தால் முன்னும் பின்னும் கதவு சாத்துவதுபோல ஓட்டை முழுதாக மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஓர் இனம் பிரபலம். ஆசியப் பெட்டி ஆமைகள் நம் வடகிழக்கு மாநிலங்களிலும் நிக்கோபார் தீவுகளிலும் உண்டு. புதுச்சேரிக்காரருக்குப் பழக்கமான உறவினர் பாலாமை. ஏரி குளங்களில் வாழும் இதற்குக் கீல் இல்லை. பின்கால்களை இழுத்துக்கொண்டால் மேலே வந்து மூடும் தோல்மடிப்பு இருக்கிறது. பாலாமையையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சை வளர்த்தெடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் விலங்குக் காட்சியகங்களுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் தொடங்கிய முதலைப் பண்ணை போன்ற இடங்களுக்கும்தான் வரும்.

அமெரிக்கப் பெட்டி ஆமைக் குஞ்சு பொரியும்போது சுமார் 3 சென்டிமீட்டர். எடை 8, 10 கிராம். கனமான பழைய ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை. அதன் முன்னால் எதை வைத்தாலும் சாப்பிடாது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். சில குஞ்சுகள் இரண்டு வாரம்கூட வாயைத் திறக்காது. வளர்ப்பவருக்குத்தான் சோறு இறங்காது.

தமிழில் ஆமையை வைத்து ஆடும் ஒரு பழைய சொல்விளையாட்டு உண்டு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். உடனே ஒரு மேடைப் பேச்சாளர் எழுந்து, அது ஓடுள்ள ஆமை இல்லை, கல்லாமை, இயலாமை, முயலாமைதான் என்று விளக்கம் சொல்லிக் கைதட்டு வாங்குவார். அந்த வரிசையில் அவர் விட்டுவிடுகிற ஓர் ஆமை உண்ணாமை. திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தில், 255ஆம் குறள் இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. ஊன் உண்ணாதிருத்தல் என்பது அங்கே பொருள். ஊன் உண்ணும் பிராணியான ஓர் ஆமைக்குஞ்சு உண்ணாமல் கிடக்கும்போது, இந்தச் சொல்லுக்குள் இருக்கும் சங்கடம் முழுக்க வெளியே வந்துவிடுகிறது.

நம் மரபுகள் ஆமையைப் பெரிய துறவியாக்கி வைத்திருக்கின்றன. 126ஆம் குறளில் ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையே உவமை. கீதையின் இரண்டாம் அத்தியாயம் நிலைத்த அறிவுள்ளவனை, உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆமையோடு ஒப்பிடுகிறது. சமணரின் ஞாதாதர்மகதையில் ஓர் அத்தியாயமே ஆமைக்கு உரியது: நரிகளைக் கண்டு அடங்கிக் கிடந்த ஆமை பிழைக்கிறது, பொறுமை இழந்து காலை நீட்டிய ஆமை இரையாகிறது. பௌத்தரின் சம்யுத்த நிகாயத்திலும் இதே ஆமை, இதே நரி. ஆனால் புத்தர் சொன்னதாக வரும் அந்தக் கதையில் ஒரு சிறு விவரம் இருக்கிறது. குறளும் கீதையும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாலை நேரத்தில் அந்த ஆமை ஆற்றங்கரைக்கு வந்ததே இரை தேடித்தான். நரியும் இரை தேடித்தான் வந்தது. இரண்டு பசிகள் எதிரெதிரே சந்தித்த இடத்தில்தான் அடக்கத்துக்கு வேலை வந்தது. பசியை மறக்காமல் சொன்ன உவமை அது.

குஞ்சைக் கையில் வைத்துப் பார்த்தவருக்கு இந்த உவமை இன்னொரு இடத்திலும் இடிக்கும். ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் குஞ்சு எதையும் அடக்கவில்லை, பயந்திருக்கிறது. இன்னும் விநோதம், பிறந்த பெட்டி ஆமைக்கு ஓட்டை மூடவே தெரியாது, முடியாது. அடியோட்டின் கீல் வேலை செய்யத் தொடங்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை தின்று வளர வேண்டும். அடக்கத்துக்கு உலகப் பிரசித்தி பெற்ற பிராணி, அந்த அடக்கத்தைப் புழு புழுவாகத் தின்றுதான் சம்பாதிக்கிறது. உண்ணாநோன்பால் அல்ல.

ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு வளர்த்துப் பழகியவர்கள் சொல்லும் காரணங்களில் தத்துவம் ஏதும் இல்லை. முதல் காரணம் கட்டுச்சோறு தீரவில்லை. அடியோட்டின் நடுவில் மஞ்சள் கரு ஒட்டிய இடம் முழுதாக உள்வாங்கி ஆறும்வரை அதைத் தொந்தரவு செய்யாமல் ஈரமான இடத்தில் விட்டுவிட வேண்டும். இரண்டாவது, குளிர். ஆமையின் உடல் சுற்றுப்புறச் சூட்டைத்தான் வாங்கிக்கொள்ளும். சூடு குறைந்தால் செரிமானம் நிற்கும், பசியும் நிற்கும். புதுச்சேரியில் அந்தக் கவலை பெரிதாக இல்லை, குளிரூட்டிய அறையில் வைத்தால் ஒழிய. மூன்றாவது, வெட்டவெளி. காட்டில் இந்தக் குஞ்சு ஈரச் சருகுக்கு அடியிலேயே வாழ்கிறது. வெறும் கண்ணாடித் தொட்டியின் நடுவில் தட்டு வைத்து, நான்கு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் குஞ்சு சாப்பிடும்? மனிதக் குழந்தைக்கே அது பிடிக்காது.

ஆகவே செய்வது இவ்வளவுதான். சருகும் பாசியும் ஈரமண்ணும் பரப்பி ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பது. காலையில், தாடையைத் தாண்டாத அளவு வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் விடுவது. தண்ணீர் குடித்து உடம்பு சுறுசுறுப்பாகும். பிறகு சருகின்மேல் ஒரு சின்ன மண்புழுவையோ நத்தைக்குட்டியையோ விட்டுவிட்டு விலகிப் போவது. நசுக்கிய பழமும் நறுக்கிய கீரையும் நாள்கணக்கில் கிடந்தாலும் திரும்பிப் பார்க்காத குஞ்சு, ஏதாவது ஒன்று நெளிந்தால் தலையைத் தூக்கும். அசைவுதான் அதற்குச் சோறு என்பதன் அடையாளம்.

அந்த அடையாளத்தை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இந்தக் கேள்வி பழையது. கௌதமரின் நியாய சூத்திரம், மூன்றாம் அத்தியாயத்தில், ஆன்மா உடலோடு அழிவதில்லை என்று நிறுவப் பச்சைக் குழந்தையைச் சாட்சிக்கு அழைக்கிறது. பிறந்த குழந்தை பாலுக்கு ஏங்குகிறது. ஏக்கம் நினைவிலிருந்து வரும்; நினைவு அனுபவத்திலிருந்து வரும்; இந்தப் பிறவியில் அனுபவமே இல்லை; எனவே முற்பிறவி உண்டு. எதிராளி சும்மா இருப்பாரா? தாமரை விரிந்து குவிவதும் கற்றுக்கொண்டா, இரும்பு காந்தத்தை நோக்கி நகர்வது முற்பிறவி நினைவாலா என்று மடக்குகிறார். நியாய நூலாருக்கு அதற்கும் பதில் உண்டு: தாமரையின் மாற்றத்துக்குச் சூடு, குளிர், மழை என்ற காரணங்கள் இருக்கின்றன, இரும்பும் எதை நோக்கியும் நகராமல் காந்தத்தை நோக்கி மட்டும் நகர்கிறதென்றால் அதற்கும் குறிப்பான காரணம் இருந்தாக வேண்டும், காரணமில்லாத ஈர்ப்பு என்று ஒன்று கிடையாது.

கௌதமருக்கு ஓர் ஆமைக்குஞ்சு கிடைத்திருந்தால் வாதம் இன்னும் பலப்பட்டிருக்கும். மனிதக் குழந்தைக்காவது பக்கத்தில் தாய் இருக்கிறாள். இதற்குத் தாய் முகமே தெரியாது. எதிராளிக்கும் அதே குஞ்சு உதவியிருக்கும் என்பதுதான் வேடிக்கை: இரண்டு வாரம் வாயைத் திறக்காத குஞ்சு முற்பிறவிச் சாப்பாட்டை மறந்துவிட்டதா என்று கேட்டிருப்பார்.

1966இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோர்டன் பர்காட், எக்கார்ட் ஹெஸ் இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரை இந்த வழக்கில் புதுச் சாட்சி. கடிக்கும் ஆமை எனப்படும் இனத்தின் குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். பொரிந்தபின் முதன்முதலாக எதைத் தின்னக் கொடுத்தார்களோ, பின்னால் பல உணவுகளை வைத்தபோதும் குஞ்சுகள் அதையே நாடின. இடையில் வேறு உணவுக்கு மாற்றிப் பழக்கிய பிறகும் முதல் உணவின் பிடி எளிதில் விடவில்லை. சித்தத்தில் பதிந்து நின்று பின்னாளைய விருப்பத்தை நடத்தும் தடத்துக்கு நம் தத்துவ நூல்கள் வாசனை என்று பெயர் வைத்திருக்கின்றன. ஆமைக்குஞ்சில் அந்த வாசனை போன பிறவியிலிருந்து வர வேண்டிய கட்டாயமில்லை. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து வந்தால் போதும். முதல் கவளத்தை வைக்கிறவர் அதன் விருப்பத்தையே எழுதுகிறார் என்றால், அவர் செய்வது கிட்டத்தட்ட தீக்கைதான்.

தீக்கை என்ற சொல் தற்செயலாக வரவில்லை. சைவ மரபு, குரு சீடனுக்கு அருளும் வழிகளைச் சொல்லும்போது மூன்று தாய்களைக் காட்டும். மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிக்குமாம். அது நயன தீக்கைக்கு உவமை. பறவை தொட்டு அணைத்துப் பொரிக்கும். அது பரிச தீக்கை. ஆமை கரையில் முட்டையை விட்டுவிட்டு நீருக்குள் இருந்தபடியே நினைத்து நினைத்துப் பொரிக்குமாம்; அது மானச தீக்கை. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் எண்ணும் தீக்கை வகைகளில் இந்த மூன்றும் இடம்பெறுகின்றன.

இந்த மரபின் ஏடுகள் பெருந்தொகையாகச் சேர்ந்திருப்பது புதுச்சேரியில்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடற்கரைக்குப் பக்கத்தில், செயின்ட் லூயி வீதியில், 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவ ஆகமச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தது. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தீக்கைச் சடங்கை விரிவாகச் சொல்லும் சோமசம்பு பத்ததியை எலேன் புருன்னர்-லஷோ என்ற அறிஞர் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, 1963 முதல் 1998 வரை நான்கு தொகுதிகளாக இந்நிறுவனம் வழியே வெளியிட்டார். அதே கட்டடத்தில் சூழலியல் துறை ஒன்றும், உலர்த்திய தாவரங்களின் சேகரிப்பும் இருக்கின்றன. ஒரு கூரைக்குக் கீழ் இந்த அறையில் தீக்கை, அந்த அறையில் காடு. இரண்டு அறைக்காரர்களும் தேநீர் வேளையில் ஆமையைப் பற்றிப் பேசிக்கொள்ள நிறைய இருக்கிறது.

தாயாமை நினைத்துப் பொரிக்கிறது என்பதை உயிரியலாளர் ஏற்க மாட்டார். சூடான மணல் பொரிக்கிறது என்பார்; அந்தச் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது. ஆனால் மஞ்சள் கருவைப் பற்றி யோசித்தால் பழைய உவமை அப்படி ஒன்றும் தப்பாகப் போய்விடவில்லை. தன்னால் பார்க்க முடியாத பிள்ளைக்கு, தான் இல்லாத இடத்தில், முதல் சில நாளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் முன்கூட்டியே கட்டிவைத்துவிட்டுப் போன ஏற்பாட்டை நினைப்பு என்று ஒருவர் அழைத்தால் அதில் சண்டைபோட என்ன இருக்கிறது? கொடுமை, அந்த நினைப்பையே கடத்தல்காரர்கள் காசாக்குகிறார்கள். குஞ்சு சில நாள் சாப்பாடில்லாமல் தாங்கும் என்பதால்தான் சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் டப்பாக்களில் அடுக்கித் துணிப்பெட்டிக்குள் வைத்து விமானம் ஏற்ற முடிகிறது. சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் இவற்றைப் பிடிப்பது அடிக்கடி வரும் செய்தி.

இதுவரை பேசியது குஞ்சின் பக்கம். இனிப் புழுவின் பக்கம்.

புதுச்சேரியிலிருந்து வடலூர் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம். அங்கே 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியை இவ்வளவு கூர்ந்து பார்த்தவர் தமிழில் வேறு யாரும் இல்லை என்று துணிந்து சொல்லலாம். பசி வந்தால் உடம்பிலும் மனத்திலும் என்னென்ன ஆகும் என்று ஜீவகாருணிய ஒழுக்கத்தில் அவர் எழுதியிருப்பது மருத்துவக் குறிப்புபோல இருக்கும். பசி தவிர்த்தலே வழிபாடு என்றவர் அவர். அதே நூலில் அவர் ஓர் எல்லைக்கோடும் கிழிக்கிறார்: ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியை ஆற்றுவது ஜீவகாருணியம் ஆகாது. விதை, காய், கனி எடுப்பதில் துன்பம் இல்லை, நகமும் முடியும் எடுப்பதுபோல என்று தாவர உணவுக்கு வழிவிடுகிறார். மண்புழுவுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

ஊன் உண்பவர்களைப் புறவினத்தார் என்றார் வள்ளலார். அவர்களுக்கும் பசி தவிர்க்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். மனிதர்களை நினைத்துச் சொன்னது. ஆமைக்குஞ்சு பிறவிப் புறவினத்தான். சோறும் சாம்பாரும் போட்டால் அதன் பசி தீராது. பசியை ஆற்று என்கிறது ஒரு கட்டளை, கொல்லாதே என்கிறது இன்னொன்று; இரண்டும் ஒரே நூலில், ஒரே கருணையிலிருந்து பிறந்தவை. சிபியின் கதையில் பருந்து கேட்டதும் இதைத்தான்: புறாவைக் காப்பாற்றிவிட்டாய், என் பசிக்கு என்ன வழி? சோழர்கள் தம் முன்னோன் என்று கொண்டாடிய அந்த மன்னன் தன் தொடையை அரிந்து கொடுத்துத் தப்பித்தான். காட்சியகப் பணியாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

மரபு இங்கே பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகூர்மத்தில், கூர்ம வடிவத் திருமால் கோயில் வளாகத்தில் நட்சத்திர ஆமைகளை வளர்க்கிறார்கள். பக்தர்கள் கீரை கொடுக்கிறார்கள். நட்சத்திர ஆமை இலை தின்பது, அதனால் யாருக்கும் மனச்சங்கடம் இல்லை. மற்ற கோயில் குளங்களில் ஊன் தின்னும் ஆமைக்கும் மீனுக்கும் ஒரே பொரிதான். பொரி போடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதி போடுகிறவருக்கு. பிராணிக்கு ஊட்டுவதில் மனிதன் அடையும் உறவு எவ்வளவு ஆழமானது என்று புதுச்சேரிக்குத் தெரியும். 2022 நவம்பர் 30ஆம் தேதி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி காலை நடைப்பயிற்சியில் சரிந்து விழுந்து இறந்தபோது, ஊரே திரண்டு அழுதது. அழுதவர்களில் பலர் தும்பிக்கையில் ஒரு பழமாவது வைத்தவர்கள். ஆனால் யானைக்குப் பழம் கொடுப்பது எளிது. நமக்குப் பிடித்ததையே அதுவும் தின்கிறது. நமக்கு அருவருப்பானதை, நம் தருமம் விலக்கியதை, இன்னொரு பிராணியின் நன்மைக்காகக் கையில் எடுக்க முடியுமா என்பதுதான் ஆமைக்குஞ்சு வைக்கும் தேர்வு.

காட்டில் அந்தக் குஞ்சு சருகுக்கு அடியில் தின்னும் புழு யாருடைய பாவக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதே குஞ்சைத் தொட்டியில் வைத்தவுடன், புழு வைத்தவர் கணக்கில் ஏறிவிடுகிறது. வள்ளலாரின் எல்லைக்கோட்டை அப்படியே ஏற்றால், பெட்டி ஆமைக்குஞ்சு விஷயத்தில் முழுச் சுத்தமான ஜீவகாருணியம் அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதில்தான் முடிகிறது. பங்குனி இரவில் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கி நிற்பவர்கள் அதைத் தெரிந்தோ தெரியாமலோ கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் கடத்தல் பெட்டியிலிருந்து மீட்ட குஞ்சுக்கும், அருகி வரும் இனத்துக்காகப் பண்ணையில் பொரித்த குஞ்சுக்கும் இந்த வழி இல்லை. அவற்றின் பசி ஏற்கெனவே ஒரு மனிதக் கையில் வந்து விழுந்துவிட்டது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் சைவமாக இருந்தாலும் இடுக்கியை எடுத்தாக வேண்டும். சாப்பிடாமல் கிடந்து ஒடுங்கும் குஞ்சைப் பார்த்துக்கொண்டு, தன் கை சுத்தமாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்வதைக் கருணைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஒரு சிறு சலுகையை ஆமையே தருகிறது. குஞ்சில் ஏறக்குறைய முழுக்க ஊன் தின்னும் பெட்டி ஆமை, வளர வளரக் காளான், உதிர்ந்த பழம், இலை என்று சேர்த்துக்கொள்ளும். புழுவை ஒருநாளும் முழுதாக விடாது. ஆனாலும் தட்டில் பச்சை கூடிக்கொண்டே வரும். அதெல்லாம் பின்னால். இப்போது காலை எட்டு மணி. தொட்டியில் தண்ணீர் தெளித்தாயிற்று, சருகு ஈரமாக இருக்கிறது. நகக்கண் அளவு மண்புழுவை வைத்துவிட்டு ஆள் மூன்று அடி தள்ளிப் போயாயிற்று. பத்து நிமிடம் கழித்துச் சருகுக்கு அடியிலிருந்து ஒரு தலை நீள்கிறது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் புழுவை நெடுநேரம் பார்க்கிறது. புழு மறுபடி ஒருமுறை நெளிகிறது.